பக்கத்து வீட்டுக்காரருக்கு

4 பிப்ரவரி

கண்டக்டர் அவர்களுக்கு,

நேற்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: சாய்வு நாற்காலியில் என் அண்ணன். அவருக்கு இடப்பக்கம் என் பெரிய மகன். அவனை ஒட்டி மருமகள். எதிரே, முதியோர் இல்லத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் அம்மாள். மேசைமேல் நிறுத்திய கைப்பேசியில் வெளியூரில் இருக்கும் என் இளைய மகன். அவன் முகம் மட்டும் வந்ததால் அவனைப் பாதி ஆளாக வைத்துக்கொள்ளலாம். கதவோரம் நான். மேற்பார்வையாளரின் ஓட்டுநர் வாசலிலேயே நின்றுவிட்டார், அவரைச் சேர்க்கவில்லை.

இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. யாரும் இல்லாத நேரம் பார்த்து அவரை மிரட்டிக் கேட்டார்கள் என்று நாளைக்கு நீங்கள் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை வாயே திறக்காதவர், இங்கே வந்தபின் கடவுள் புண்ணியத்தில் ஒரு சொல் பேசுகிறார். "ரைட்டு." அந்த ஒன்றுதான். பக்கவாதம் மற்றதையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. நேற்றுப் பெரியவன் அவர் முன்னால் குனிந்து, "மாமா, எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு இல்லம் இருக்கு. நர்ஸ், டாக்டர் எல்லாம் அங்கயே. மே மாசக் கடைசியில போயிடலாமா?" என்று கேட்டான். அவர் தெளிவாக, "ரைட்டு" என்றார். எல்லோரும் கேட்டோம். மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டார்.

முப்பத்தெட்டு வருஷம் அவரை எங்களிடமிருந்து பிரித்து வைத்திருந்தீர்கள். போதும். அந்த இல்லத்தில் இரத்த உறவுகள் மட்டுமே வந்து பார்க்கலாம், தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய படிக்கும் கண்ணாடியையும் கம்பளிச் சட்டையையும் அனுப்பிவைக்கவும்.

நாங்கள் நலம். உங்கள் நலத்தைக் கேட்பது கடிதத்துக்கு அழகு என்பதால் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரரின் தங்கை


15 பிப்ரவரி

மருந்துக்கடைக்காரரின் தங்கை அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம், காது தவிர. முப்பது வருஷம் எஞ்சின் இரைச்சலில் நின்று டிக்கெட் கிழித்தவனுக்கு அது மிஞ்சியிருந்தால்தான் அதிசயம். அதனால்தான் தொலைபேசியில் உங்கள் திருவாயிலிருந்து வசவு வாங்கும் பாக்கியம் எனக்கு இல்லை. எழுத்தில் வாங்குகிறேன்.

ஒரு மனிதரை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க நான்கு பேரும் ஒரு பாதியும் கூடியிருக்கிறீர்கள். அவர் நன்றாக இருந்த காலத்தில் இந்தப் பாதி கூட எட்டிப் பார்த்ததில்லை. கடையில் இலவசமாக மாத்திரை வேண்டும் என்றால் மட்டும் உங்கள் பெரியவனுக்கு மாமா வீட்டுக்கு வழி தெரியும். வந்தாலும் செருப்பைக் கழற்ற மாட்டார். எங்கள் தரை அவ்வளவு அசுத்தம் போல.

கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். கம்பளிச் சட்டை என்னிடமே இருக்கும். குளிர்ந்தால் நீங்கள் ஒன்று வாங்கிக் கொடுங்கள், இரத்த உறவுதானே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் எந்தப் பக்கம் பார்த்தார்? கேட்டவரையா, வேறு எங்காவதா?

ஒரு முறை வந்து பார்க்க அனுமதி கொடுங்கள். ஒரே முறை.

இப்படிக்கு,
கண்டக்டர்


24 பிப்ரவரி

கண்டக்டர் அவர்களுக்கு,

கண்ணாடி வந்தது. உடையாமல் வந்ததற்குக் கடவுளுக்கு நன்றி, உங்களுக்கு இல்லை.

வாசல் பக்கம் பார்த்தார். அதனால் என்ன? வாசலில் வெளிச்சம் இருந்தது.

வந்து பார்க்க அனுமதி கேட்கிறீர்கள். எந்த முறையில்? அவர் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் உங்களிடம், "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாளாம். நீங்கள், "பக்கத்து வீடு" என்றீர்களாம். "அப்ப சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று கேட்டதற்கு நீங்களே என் நம்பரைக் கொடுத்தீர்கள். இதை அந்த நர்ஸ் வாயாலேயே கேட்டேன். நான் யார்மேலும் கதை கட்டுகிறவள் இல்லை. சரி, பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டோடு இருக்கட்டும். எங்களுக்கு இங்கே இரண்டு பக்கமும் பக்கத்து வீடு இருக்கிறது, மூன்றாவது வேண்டாம்.

இப்போது ஒரு தொல்லை. அண்ணன் முகச்சவரம் செய்ய யாரையும் விடமாட்டேன் என்கிறார். கூலிக்கு வைத்த ஆள் கத்தியை எடுத்தாலே தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். பெரியவன் ஒரு நாள் முயன்று, கன்னத்தில் கீறிவிட்டு, "இவரு ஒத்துழைக்க மாட்டேங்கறாரு" என்று குளியலறையை விட்டு வந்துவிட்டான். தாடியும் அழுக்குமாக இருக்கிறார். எப்போதும் வெள்ளைவெளேரென்று கடையில் நின்ற மனிதர். வீட்டில் அவர் எப்படிச் செய்துகொள்வார் என்பதை மட்டும் எழுதவும். மற்ற கதை தேவையில்லை.

இங்கு அனைவரும் நலம்.

இப்படிக்கு,
தங்கை


9 மார்ச்

தங்கை அவர்களுக்கு,

வணக்கம். நலம். நலமில்லை என்று எழுதினால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும், அதற்கு இடம் கொடுக்க மாட்டேன்.

ஆமாம், "பக்கத்து வீடு" என்றுதான் சொன்னேன். வீட்டுக்காரரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தோம்: இரண்டு அறை, இரண்டு தனி ஆட்கள், அடுத்தடுத்த கதவு. பால்காரரிடம் அப்படி, ஓட்டுநர்களிடம் அப்படி, அவர் கடைக்கு வருகிறவர்களிடம் அப்படி. கேள்வி முடிவதற்குள் பதில் வாயில் வந்து நிற்கும், சில்லறை கேட்டதும் கை பைக்குள் போகிற மாதிரி. அன்றைக்கும் வந்து நின்றது. அவர் தள்ளுவண்டியில் கிடக்கிறார். அந்தப் பெண் கேட்கிறாள். நான் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அடுத்த நிமிஷம் ஒரு கதவைச் சாத்தி, "சொந்தக்காரங்க மட்டும்" என்றார்கள். இதைவிட மட்டமாக நீங்கள் என்னைத் திட்ட முடியாது. முயன்று பாருங்கள், நானே என்னை முன்பே திட்டியவையாகத்தான் இருக்கும்.

கல்யாணமே ஆகாமல் நாத்தனார் கொடுமையை அனுபவிப்பவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சவரத்துக்கு: உட்கார வைத்து முன்னால் நிற்கக் கூடாது. பின்னால் நிற்க வேண்டும், அவர் தலை உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்க வேண்டும். வெந்நீர்த் துணியை முதலில் தாடையில் வைத்து அவர் மூச்சு விடும்வரை காத்திருக்கவும். கத்தியை முதலில் அவர் கண்ணுக்குக் காட்டவும். மருந்துக்கடைக்காரர் இல்லையா, எந்தப் பொருளையும் பார்த்த பிறகுதான் உடம்பில் படவிடுவார். இடக் கன்னத்தில் கீழிருந்து மேலே போகக் கூடாது. பேச்சு கொடுக்க வேண்டாம். உங்கள் மகனுக்கு இருபது பேரை வேலை வாங்கத் தெரியும், ஒருவர் தாடையைத் தொடத் தெரியாது. நீங்கள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கண்டக்டர்

பி.கு. வாசல் பக்கம் பார்த்தார் என்று எழுதியதற்கு நன்றி.


28 மார்ச்

கண்டக்டர் அவர்களுக்கு,

சவரம் நானே செய்தேன். நீங்கள் எழுதியபடி செய்ததில் கீறல் இல்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். என் அண்ணனின் தலை எவ்வளவு கனம் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது. இதை நன்றி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"நாத்தனார்" என்று எழுதினீர்கள். அந்தத் தைரியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? கடிதத்தை என் பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப கண்டக்டர் தாத்தா உனக்கு அண்ணியா பாட்டி? மீசை வச்ச அண்ணி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைத் திட்டிவிட்டு சமையலறைக்குள் போய்விட்டேன். உள்ளே போய் நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது.

இப்போது நான் எழுத வந்தது வேறு. சவரம் முடிந்ததும் அண்ணனிடம், "நல்லா இருக்கா?" என்றேன். "ரைட்டு" என்றார். சரி. துணியை அலசிக்கொண்டே, "வலிக்குதா?" என்றேன். "ரைட்டு." எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, நீ பொம்பளையா?"

"ரைட்டு."

"நம்ம பெரியவன் கழுதையா?"

"ரைட்டு."

இதற்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் கேள்வியை அவர் காதில் வாங்கவே இல்லை. என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்படியானால் பிப்ரவரியில் எங்கள் கூடத்தில் நடந்தது என்ன? யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதி உங்களுக்கு அனுப்பிய நான்தான் முதல் சாட்சி. தினமும் விடிகாலையில் கடவுள் முன்னால் உட்காருகிறவள். பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு அங்கே போய் எப்படி உட்கார்வேன்?

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் பார்த்தார் என்று நீங்கள் கேட்டபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். பூசி மெழுகாமல் எழுதவும்.

இங்கு நலம்.

இப்படிக்கு,
தங்கை


8 ஏப்ரல்

ஐயா,

என் தாயாருக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவருக்கு வயதாகிறது, இரத்த அழுத்தம் இருக்கிறது. உங்கள் கடிதங்கள் வரத் தொடங்கிய பிறகு அவர் தேவையற்ற குழப்பத்தில் இருக்கிறார். மாமா தம் சம்மதத்தை எல்லோர் முன்னிலையிலும் தெரிவித்துவிட்டார். மே 30 அன்று இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு முடிந்துவிட்டது.

எங்களுக்கென்று சமூகத்தில் ஒரு மரியாதை உண்டு. உங்கள் வயதுக்காவது ஒரு கூச்சம் இருக்கும் என்று நம்புகிறேன். மேற்கொண்டு தொடர்புகொள்ள வேண்டாம்.

நலம் நாடும்,
மேலாளர்
(மருந்துக்கடைக்காரரின் சகோதரி மகன்)


17 ஏப்ரல்

கண்டக்டர் அவர்களுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கேள்வி கேட்டால் ஓடி ஒளிகிற ஆள் என்று ஒரு முழு நாள் உங்களைச் சபித்தேன். பிறகு தபால்காரரைத் தெருவில் பார்த்தபோது, "போன வாரமே ஒண்ணு குடுத்தேனேம்மா, சார் கையில" என்றார். சபித்ததில் பாதியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதி உங்களுக்குப் பழைய கணக்கில் சேரும்.

என் மகன் மரியாதையானவன். பிறர் கடிதத்தைப் பிரிக்க மாட்டான், திருடித் திருப்பி மட்டும் அனுப்புவான். அவனிடம் கேட்டேன். "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றான். மருமகள், "அந்த ஆளு லெட்டரெல்லாம் வீட்டுக்குள்ள வரணுமா அத்தை? வளர்ற பொண்ணு இருக்கா" என்றாள். வளர்கிற பெண் மூலையில் உட்கார்ந்து, "அண்ணி என்ன எழுதியிருக்காங்க பாட்டி?" என்று கண்ணடிக்கிறாள். இந்த வீட்டில் மூளை ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்துவிட்டது.

இனிமேல் எனக்கு எழுதுவதைத் தையல்காரம்மா பெயருக்கு அனுப்பவும், கதவு எண்ணை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். எங்கள் உண்மையான பக்கத்து வீட்டுக்காரி. அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை, அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அண்ணன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வாசல் கதவு திறந்தால் மட்டும் நிமிர்கிறார். என் கேள்வி அப்படியே நிற்கிறது. மே கடைசிக்கு அதிக நாள் இல்லை.

இப்படிக்கு,
தங்கை


29 ஏப்ரல்

தங்கை அவர்களுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் மகன் திருப்பி அனுப்பிய உறையை அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் ஆறு பக்கம் உங்களை ஏசியிருந்தேன். இது சின்னக் கடிதம்.

எங்கள் பஸ் தடத்தில் உங்கள் அண்ணன் தினமும் காலையில் ஏறுவார். வெள்ளைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. உட்கார இடம் இருந்தாலும் பின்படியில் என் பக்கத்தில் நிற்பார். அவர் கம்பியைப் பிடிக்கும்வரை நான் வண்டியை எடுக்கச் சொல்ல மாட்டேன். பிடித்ததும் "ரைட்டு" என்பேன். ஒரு நாள் நான் சொல்வதற்கு முன்னால் அவரே மெதுவாகச் சொன்னார். ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார், நான் விழப் பார்த்தேன். அவ்வளவு சிரித்தோம்.

பிறகு ஒரே வீட்டுக்கு வந்தோம். உங்கள் அண்ணன் பயந்தவர். சுவர் மெல்லிசு. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் தொனியில் யாராவது எதையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். கண்ணே மணியே என்றெல்லாம் எங்களுக்கு வராது, வந்தாலும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். "ரைட்டு" என்றால் யாரும் திரும்ப மாட்டார்கள். நான் மட்டும் திரும்புவேன். அதற்காகவே அந்தப் பெயரை வைத்தார். அடுக்களையிலிருந்து "ரைட்டு." கண்ணாடியைக் காணோம் என்றால் "ரைட்டு." படுத்த பிறகும் அதுதான்.

அவர் உங்கள் மகனுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஜனவரியிலிருந்து, எல்லோர் முன்னிலையிலும், தெளிவாக. யாருக்கும் சந்தேகம் வராத பெயராகத் தேடித் தேடி வைத்தோம் அல்லவா, அது பலித்துவிட்டது.

முதல் கடிதத்திலேயே நான் இதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் கூடத்தில் அதை எடுத்துப் போட்டு நீங்கள் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். மனம் வரவில்லை. எங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு சொல்தான்.

இப்போது சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவரை அங்கே அனுப்பாதீர்கள். அங்கே அவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அவர்களும் நல்ல பிள்ளை, எல்லாவற்றுக்கும் சரி என்கிறார் என்பார்கள்.

இப்படிக்கு,
கண்டக்டர்


10 மே

கண்டக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் தையல்காரம்மா கையிலிருந்து பத்திரமாக வந்தது. நான் சிரிக்கவில்லை. அதை எழுதி வைப்பது நியாயம் என்பதால் எழுதுகிறேன்.

நேற்று மேற்பார்வையாளர் அம்மாளை வரவழைத்தேன். பிப்ரவரியில் இருந்த அதே ஆட்கள், அதே இடங்கள், பாதி ஆள் உட்பட. பெரியவனிடம், "'நான் கழுதையா'ன்னு மாமாகிட்ட கேளு" என்றேன். "என்னம்மா இது?" என்றான். "கேளுடா." கேட்கவில்லை. பேத்தி உள்ளேயிருந்து ஓடிவந்து கேட்டாள். பதில் வந்தது. மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். "இதைச் சம்மதம்னு நான் எடுத்துக்க முடியாதுங்க" என்றார். உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அந்தச் சொல்லின் அர்த்தத்தையும் சொல்லவில்லை. அண்ணன் பேச்சு சம்மதம் ஆகாது என்பது மட்டும் அவர்களுக்குப் போதும். மீதி அவர்களுக்குத் தகுதியில்லாதது.

அந்த அம்மாள் போன பிறகு, அண்ணன் தன் வீட்டுக்கே திரும்பட்டும் என்றேன். வீட்டில் பெரிய ரகளை. "அவர அந்த ஆளோட அனுப்புனா வெளிய தலை காட்ட முடியுமா? நம்ம மானம் என்ன ஆறது?" என்றான் பெரியவன். "நாலு பேர் முன்னாடி வாயில்லாதவர் பேர்ல பொய் சொன்னப்ப எங்கடா போச்சு அது?" என்றேன். மருமகள் கதவைச் சாத்திக்கொண்டாள். கைப்பேசியில் இருந்தவன் சிக்னல் இல்லை என்று சொல்லி மறைந்துவிட்டான். இவர்களைப் பெற்று, வளர்த்து, ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தவள் நான்தான் என்பதை நினைத்தால் யார்மேல் காறித் துப்புவது என்று தெரியவில்லை.

பிறகு அண்ணனிடம் தனியாகப் போனேன். "அந்தக் கண்டக்டர வரச் சொல்லட்டுமா?" என்றேன். முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. என்னையே பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். உட்கார வைக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

உங்கள் வாழ்க்கையை நான் ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பற்றிக் கடவுளிடம் எனக்கு உள்ள வழக்கு தனி, இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் ஒருவரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார வைப்பது எந்த வேதத்திலும் இல்லை.

வருகிற ஞாயிறு காலை வண்டியோடு வரவும். பின்வாசல் வழியாக வரக் கூடாது. அன்றைக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், வேண்டுமென்றேதான் அந்த நாளைச் சொல்கிறேன். பெரியவன்தான் கதவைத் திறப்பான். தெரிந்துகொண்டே, "நீங்க யாரு? அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பான். நான் அவன் பின்னால் நிற்பேன், அண்ணனும் காது கேட்கிற தூரத்தில் இருப்பார். உங்களுக்காக நான் பதில் சொல்ல மாட்டேன். பழக்கத்தில் எதையாவது உளறினால் நானே கதவைச் சாத்துவேன், சத்தியம்.

அவன் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை முதலில் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் கைக்குக் கிடைக்கும்படி உடனே பதில் போடவும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் கேட்கும்
தங்கை